தவிலுக்கு எத்தனை மைக்?

கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களுக்குள் மட்டும் இருந்த ஒலிப்பதிவு, இன்று பள்ளி மாணவரின் மடிக்கணினிக்கும் கைபேசிக்கும் வந்துவிட்டது. கீரமங்கலம் போன்ற ஓர் ஊரில் அதைச் சொல்லிக்கொடுக்க என்ன வேண்டும்?

திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால் கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் காதுக்கு ஓய்வில்லை. இந்த வாரம் ஓர் ஊரில் மது எடுப்பு என்றால் அடுத்த வாரம் பக்கத்து ஊரில். குடத்தில் நெல் நிரப்பி, மேலே தென்னம்பாளை வைத்து, பெண்கள் தலையில் சுமந்து கோயிலுக்கு வருவார்கள். முன்னால் மேளம் போகும். திடலில் குடங்களை இறக்கிவைத்துக் கும்மி கொட்டுவார்கள். நடுநடுவே குலவை. கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி தன் பங்குக்கு எல்.ஆர். ஈஸ்வரியை அலறவிடும். மறுநாள் காலையில் இவற்றில் மிஞ்சுவது இளவட்டங்கள் கைபேசியில் எடுத்த வீடியோதான். கும்மிப் பாட்டைவிட ஜெனரேட்டர் சத்தம் அதில் தெளிவாகக் கேட்கும்.

அந்தக் கைபேசிக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. மைக்கை எங்கே வைப்பது, எவ்வளவு சத்தம் வரை தாங்கும், பதிவானதை எப்படி வெட்டி ஒட்டி அடுக்குவது என்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் அதே கருவியில் அதே கும்மி வேறு மாதிரி வந்திருக்கும். அதற்கான மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பாடநூலில் அதைப் பற்றி ஓர் அத்தியாயம்கூட இருக்கிறது. சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு மட்டும்தான் பின்தங்கி நிற்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் இருக்கும் கீரமங்கலம் பேரூராட்சி பூவுக்குப் பெயர்போனது. சுற்றிலும் உள்ள கிராமங்களிலிருந்து மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் இங்குள்ள கமிஷன் கடைகளுக்குத்தான் வந்து சேரும். ஊரின் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு பெயர் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்த பிறகு, இங்கே படித்த மாணவிகள் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போனார்கள். டாக்டர் ஆவதற்கு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வழி தெரிந்துவிட்டது. சவுண்ட் இன்ஜினீயர் ஆக வேண்டும், மியூசிக் அரேஞ்சர் ஆக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொன்னால், உடனே கைகாட்டச் சென்னைதான் இருக்கிறது.

பாறையில் ஒரு பாடநூல்

மாணவர்களுக்காக இசையை எழுதிவைத்த வழக்கம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. புதுக்கோட்டைக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. காலம் ஏழாம் நூற்றாண்டு என்பது பரவலான கணிப்பு. ஏழு பிரிவுகள், ஒவ்வொன்றும் ‘கிராம ராகம்’ என்ற பழைய ராக வகை ஒன்றுக்கு. சுரங்கள் நான்கு நான்காகக் கூட்டப்பட்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே ரிஷபம் ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வருகிறது. உருத்திராசாரியரின் சீடனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக இதை அமைத்தான் என்கிறது அதன் முடிவுக் குறிப்பு. அந்த அரசன் மகேந்திரவர்மப் பல்லவன்தான் என்று வெகுகாலம் நம்பினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. யாராக இருந்தாலும், கேட்டு மறைந்துவிடும் ஒன்றைக் கண்ணால் பார்த்துப் பயிலும்படி கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். இன்றைய இசை மென்பொருளில் பியானோ ரோல் என்று ஒரு திரை உண்டு. சுரத்தை நீளக் கட்டங்களாக அடுக்கிக் காட்டும் அந்தத் திரையும் செய்வது இதைத்தான்.

தாளத்திலும் புதுக்கோட்டைக்குத் தனி இடம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் மாமுண்டியா பிள்ளையும், அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் புதுக்கோட்டை வழி என்ற மிருதங்க மரபோடு சேர்த்துப் பேசப்படுகிறவர்கள். பாட்டைக் கொண்டு பாடம் நடத்திய அனுபவமும் மாவட்டத்துக்கு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது, சைக்கிள் ஓட்டப் பழகுவதற்கென்றே ஒரு பாட்டு எழுதப்பட்டு ஊர் ஊராகப் பாடப்பட்டது.

இன்றைய மேடையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். 2018-ல் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் பட்டத்தை வென்ற நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ், இதே மாவட்டத்துக் களபம் கிராமத்துக்காரர். பாடகருக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. பாட்டைப் பதிவு செய்கிறவர்தான் வெளியூரில் இருக்கிறார்.

கம்ப்யூட்டர் வந்த கதை

ஒரு காலத்தில் சென்னையில் பாட்டுப் பதிவு என்றால் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் கூடுவார்கள். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து. ட்ராக் ட்ராக்காகப் பிரித்துப் பதியும் வசதி வந்த பிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்தது.

அடுத்த திருப்பம் 1983. வெவ்வேறு கம்பெனிகள் செய்த கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ‘மிடி’ என்ற பொது முறை அந்த ஆண்டு அமெரிக்க இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில் செய்து காட்டப்பட்டது. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் அதற்குக் காரணமானவர்கள். மிடியில் ஒலி கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டும்தான். அந்தக் குறிப்பைக் கம்ப்யூட்டரில் சேமித்து, திருத்தி, மறுபடி வாசிக்கவைக்கலாம்.

மூன்றே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்தது. 1986-ல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரைப் பயன்படுத்தினார்; இந்தியத் திரையிசையில் அதை முன்னோடி முயற்சியாகச் சொல்வார்கள். இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்களில் ஒருவரான திலீப், பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான், 1989-ல் தன் வீட்டுப் பின்கட்டில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவைக் கட்டினார். விளம்பர ஜிங்கிள்கள் அங்கே உருவாகின. 1992-ல் ‘ரோஜா’. இசையமைப்பாளரின் வேலை மேசையும் ஒலிப்பதிவுக் கூடமும் ஒன்றாகிப்போன காலம் அங்கிருந்து தொடங்கியது. அந்த ஸ்டூடியோவின் ஒலிக்குப் பின்னால் இருந்த ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர், நான்கு தேசிய விருதுகள் பெற்றவர்.

இந்த வித்தையைப் பாடமாக நடத்தும் பெரிய முயற்சியும் ரஹ்மானிடமிருந்தே வந்தது. 2008-ல் அவர் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் பியானோ, வாய்ப்பாட்டு, இந்துஸ்தானி ஆகியவற்றோடு இசைத்தொழில்நுட்பமும் ஆரம்பத்திலிருந்தே பாடம். ஆப்பிளின் லாஜிக் மென்பொருளுக்கான பயிற்சி மையமாகவும் அது இயங்கியது. லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப் படிப்புக்கு வழி செய்தது. வசதியில்லாத பிள்ளைகளுக்கு மேற்கத்திய வாத்தியங்களை இலவசமாகக் கற்றுத்தர, ரஹ்மானின் அறக்கட்டளை ‘சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா’வை உருவாக்கியது. தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியிலும் ஒலிப்பதிவுக்குத் தனிப் படிப்பு இருக்கிறது.

இந்தப் படிப்புகள் எல்லாமே சென்னையில். எல்லாமே பள்ளி முடித்த பிறகு. ஆனால் இந்தத் துறையில் காது பழகும் வயது அதற்கு முன்னால் வந்துவிடுகிறது. திருச்சிக்காரரான சந்தோஷ் நாராயணன் இன்ஜினீயரிங் முடித்து, ஒலிப்பதிவாளராக வேலை பார்த்து, அதன் பிறகு 2012-ல் ‘அட்டகத்தி’யில் இசையமைப்பாளர் ஆனவர். அவருடைய பாட்டுகளில் ஒலியின் தன்மையே மெட்டுக்குச் சமமாகப் பேசப்படுவதற்கு அந்தப் பின்னணியும் ஒரு காரணம்.

முதலில் காது, பிறகு மவுஸ்

பிள்ளைகளை நேராகத் திரைக்கு முன் உட்காரவைத்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்கலாம். ரெடிமேட் லூப்களை இழுத்துப் போடுவார்கள். அரை மணி நேரத்தில் ஒரு ‘பீட்’ தயார். எல்லாருடையதும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் முதல் வகுப்பை மென்பொருளைத் திறக்காமல் நடத்துவது நல்லது. வகுப்பறையில் கண்ணை மூடிக் கேட்கச் சொல்ல வேண்டும்: மின்விசிறி, தூரத்தில் பம்ப் செட், பஸ் ஹாரன், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு. மனிதக் காது இவற்றை ஒதுக்கிவிடும். மைக் ஒதுக்காது.

அடுத்து அறை. ஓட்டுக் கூரையோ கான்கிரீட் தளமோ, வெறும் சுவருள்ள வகுப்பறையில் குரல் முட்டித் திரும்பும். ஜமுக்காளம், போர்வை, நெல் மூட்டை எதுவானாலும் அந்த எதிரொலியைக் குறைக்கும். விசிறியை நிறுத்த வேண்டும். பாடுகிறவர் வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. ப, ட எழுத்துகளில் காற்று ‘பொத்’தென்று விழாமல் இருக்க, மைக்கைச் சற்றுச் சாய்த்து வைக்கலாம்.

பிறகுதான் எண். ஒலியைக் கம்ப்யூட்டர் எண்ணாக மாற்றுகிறது. சி.டி. தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 முறை அளவெடுக்கும். மனிதக் காது கேட்கும் உச்ச அதிர்வு நொடிக்குச் சுமார் 20,000. அதற்கு இரு மடங்குக்கு மேல் அளவெடுத்தால்தான் முழுதாகப் பிடிக்க முடியும் என்பது கணக்கு. ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்கு ஏறத்தாழ 10 எம்.பி. இடம் போகும். எட்டு மோனோ ட்ராக் கொண்ட நான்கு நிமிடப் பாட்டு 170 எம்.பி. அளவில் வரும். பழைய மடிக்கணினிகூடத் தாங்கும் அளவுதான். இயற்பியல் வகுப்பில் அதிர்வெண் என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அந்தச் சொல் முதல்முறையாகக் காதில் விழும் இடம் இது.

சத்த அளவுக்கு ஒரே விதி: திரையில் மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது. டிஜிட்டலில் 0 டெசிபல்தான் கூரை. அதில் இடித்தால் ஒலி நசுங்கும். பிறகு எந்த மென்பொருளாலும் சீராக மீட்க முடியாது. உச்சம் மைனஸ் 6-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பயமில்லை. குரலுக்கு இது எளிது. தவிலுக்கு?

தவிலுக்கு இரண்டு மைக். வலந்தலையில் விரல்களுக்குக் கூடு மாட்டி அடிக்கிறார்கள். ஒலி கூர்மையாக, உலோகம் போல வரும். தொப்பிப் பக்கம் குச்சியால் அடிப்பது. அங்கே கனமான அடித்தளம். ஒரே மைக்கை முன்னால் நட்டால் இரண்டில் ஒன்று அடங்கிவிடும். இரண்டு மைக் வைக்கும்போது இன்னொரு சிக்கல்: ஒரே அடி இரண்டிலும் சிறு கால வித்தியாசத்தில் பதிவாகி, சில அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். கருவிக்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் அடுத்த மைக் இருக்கட்டும் என்பது ஒலிப்பதிவாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. தவிலில் அது எப்போதும் கைகூடாது. நகர்த்தி நகர்த்திக் கேட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும். நாதஸ்வரத்துக்கோ அதன் விரிந்த வாயான அனசில் மைக்கை ஒட்டவே கூடாது. துளைகளிலிருந்தும் ஒலி வருவதால் ஐந்தாறு அடி தள்ளி வைத்தால்தான் வாத்தியம் முழுதாகக் கேட்கும். கும்மிக்கு வட்டத்தின் நடுவில் மைக்கை நிறுத்தினால் எல்லாக் குரலும் சமமாக விழும். வட்டத்துக்கு வெளியே வைத்தால் ஒவ்வொருவரும் கடக்கும்போது குரல் ஏறி இறங்கும். எது வேண்டும் என்று முடிவெடுப்பதே ஒரு பாடம்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. ஆரம்பத்துக்குக் கைபேசியும் ஒரு வயர் இயர்போனும் போதும். வயர் என்பது முக்கியம். புளூடூத் இயர்போனில் ஒலி தாமதமாக வரும். முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அதன் மேல் பாடினால் தாளம் தப்பும். சில ஆயிரம் ரூபாயில் யு.எஸ்.பி. மைக் கிடைக்கிறது. மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்து, 2000-ல் வெளியாகி, இன்றும் உலகம் முழுக்கப் பள்ளிகளில் பயன்படுகிறது. எல்.எம்.எம்.எஸ். என்ற இன்னொன்றும் இலவசம், லினக்ஸிலும் ஓடும். சிங்கப்பூரின் பேண்ட்லேப் கைபேசியிலேயே பல ட்ராக் பதிய இடம் தருகிறது. 2024-ல் அதன் பயனாளர்கள் 10 கோடியைத் தொட்டார்கள். சிறு ஊர்களில் பரவலாகப் புழங்குவது என்னவோ ‘கிராக்’ செய்த எஃப்.எல். ஸ்டூடியோதான். அதன் முறையான இலவச மாதிரியில் வேலை செய்யலாம்; சேமித்த கோப்பை மறுபடி திறக்கத்தான் முடியாது. திருட்டு மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வரும் என்பதைப் பள்ளி ஆய்வகத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

நாலுக்கு நாலு யாருடைய தாளம்?

எந்த இசை மென்பொருளைத் திறந்தாலும் பெரும்பாலும் ஒரே கோலம்: தாளம் நாலுக்கு நாலு, வேகம் நிமிடத்துக்கு 120, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை. யாரும் சொல்லாமலே மாணவர் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் இது. இசை என்றாலே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார். ஆகவே ஆசிரியர் செய்யவேண்டிய முதல் காரியம், அந்த அமைப்பைக் கண்முன்னே மாற்றிக் காட்டுவது.

மிஸ்ர சாபு ஏழு. வகுப்பில் ‘தகிட தகதிமி’ என்று சொல்லிக் கைதட்டவைத்து, பிறகு திரையில் ஏழுக்கு எட்டு என்று தாளத்தை மாற்றினால் கட்டங்கள் கண்ணெதிரே நகரும். கண்ட சாபுக்கு ‘தகதகிட’, ஐந்து. கும்மியும் நம் நாட்டுப்புறப் பாட்டுகள் பலவும் மும்மூன்றாக நடப்பவை. அவற்றை நாலுக்கு நாலில் அடைத்தால் துள்ளல் போய்விடும். ஆறுக்கு எட்டில் வைத்துப் பார்த்தால் உடனே உயிர் வரும்.

வேகத்திலும் இதே சிக்கல். ஸ்டூடியோ வழக்கம், காதில் ‘கிளிக்’ ஓடவிட்டு அதற்கேற்பப் பாடுவது. கிராமத்துப் பாட்டோ போகப் போக வேகம் பிடிக்கும். ஆட்டத்தின் சூடே அதில்தான். பாடுகிறவரைக் கிளிக்குக்குக் கட்டுவதற்குப் பதில், பாடியபடியே பதிந்துவிட்டு, மென்பொருளின் கட்டங்களை அந்தப் பாட்டின் அடிகளுக்கு இணங்க வளைக்கலாம். டெம்போ மேப்பிங் என்று தொழிலில் சொல்வது இதைத்தான். ரீப்பர் போன்ற மென்பொருள்களில் இந்த வசதி உண்டு.

கமகம் அடுத்த தலைவலி. மிடியில் 0 முதல் 127 வரை 128 சுர எண்கள். தோடியின் காந்தாரம் எந்த எண்ணிலும் நிற்காது. இரண்டுக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிட்ச் பெண்ட் என்ற ஏற்பாடு உண்டு. ஒரு சுரத்தை மேலும் கீழும் 16,384 நுண்படிகளில் நகர்த்தலாம். சக்கரத்தைக் கையால் தள்ளி ஒரு கமகத்தைக் கொண்டுவரப் பழகும் பிள்ளைக்கு, நாதஸ்வரக்காரர் சீவாளியில் எத்தனை நுணுக்கமாக உதட்டை வைக்கிறார் என்பது உறைக்கும். 2020-ல் அறிவிக்கப்பட்ட மிடி 2.0 ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க இடம் தருகிறது. நம் இசைக்கு அது பெரிய வசதி.

அடுக்குவது ஒரு கலை

பதிவுக்குப் பிறகு அரேஞ்ச்மென்ட். எதை எங்கே நுழைப்பது, எங்கே எடுத்துவிடுவது என்ற முடிவுகளின் வரிசை அது. பாடத்தை இப்படி நடத்தலாம். ஒரே ஒரு கும்மிப் பாட்டை எடுத்துக்கொள்வது. முதல் வாரம் குரல் மட்டும். இரண்டாம் வாரம் சுருதி மட்டும் சேர்ப்பது. மூன்றாம் வாரம் ஒரு தாளக் கருவி. நான்காம் வாரம் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே எட்டு அடிக்கு ஓர் இடையிசை. நான்கு ட்ராக்கைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டால், ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று பிள்ளை பதில் சொல்லியாக வேண்டும்.

கேட்டுப் பிரிக்கும் பயிற்சியும் இதோடு போகும். இளையராஜாவின் எந்தப் பாட்டையும் எடுத்து, பேஸ் கிடாரை மட்டும் கவனிக்கச் சொன்னால் போதும். பாட்டின் மெட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டு ஓடுவது தெரியும். வயலின் குழுவுக்கும் குழலுக்கும் தனித்தனியே தாளில் எழுதிக்கொடுத்து வாசிக்கவைத்தவர் அவர். அந்தத் தாளில் இருந்தது இன்று திரையில் ட்ராக்குகளாக நிற்கிறது. யோசனை ஒன்றுதான்.

மிக்ஸிங்கில் மூன்று விஷயம் தெரிந்தால் பள்ளி அளவில் போதும். ஒலி அளவு, இடமா வலமா என்ற இருப்பு, தேவையில்லாத அதிர்வுகளை வெட்டுவது. எதிரொலியைக் கூட்டுவதில்தான் எல்லாப் பிள்ளைகளும் மோசம் போவார்கள். கோயில் மண்டபத்தில் பாடுவது போல் இருக்கிறதே என்று ஏற்றிக்கொண்டே போனால் சொல் புரியாமல் போய்விடும்.

பாட்டு யாருடையது?

ஓர் அப்பத்தா பாடிய தாலாட்டைப் பேரன் பதிந்து, அதற்கு பீட் போட்டு, இணையத்தில் ஏற்றுகிறான். நன்றாக ஓடுகிறது. பணம் யாருக்கு? இந்தக் கேள்வி வகுப்பிலேயே வர வேண்டும். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நிகழ்த்துகிறவருக்கும் உரிமை உண்டு. அது 50 ஆண்டுகள் நீடிக்கும். பாட்டு வழிவழியாக வந்ததாக இருக்கலாம். பாடிய குரல் அந்த அப்பத்தாவுடையது. பதிவதற்கு முன் கேட்பது, பெயரும் ஊரும் நாளும் கோப்பிலேயே எழுதிவைப்பது, வெளியிடும்போது பெயர் போடுவது ஆகிய மூன்றும் மைக் பிடிப்பதைப் போலவே பழக்கமாக வேண்டியவை. 2012-ல் வந்த சட்டத் திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை அவர்கள் விட்டுக்கொடுக்க முடியாதபடி உறுதி செய்தது.

செயற்கை நுண்ணறிவு இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியிருக்கிறது. 2024-ல் ‘லால் சலாம்’ படத்தின் ஒரு பாட்டுக்கு, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களை ரஹ்மான் இந்தத் தொழில்நுட்பத்தால் மீண்டும் உருவாக்கினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். ஒரு வரி தட்டினால் முழுப் பாட்டையும் செய்துதரும் செயலிகள் இன்று மாணவர் கைபேசியிலேயே இருக்கின்றன. வாத்தியத்துக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, அந்தச் செயலி தரும் தவில் எங்கே பொய்யாக ஒலிக்கிறது என்று சொல்லத் தெரியும்.

பள்ளியில் இருப்பதும் இல்லாததும்

2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான பிளஸ் டூ மாணவர்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோனது. பிறகு 6,000-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. 2019-ல் அறிமுகமான பிளஸ் டூ ‘கணினிப் பயன்பாடுகள்’ பாடநூலில் முதல் அத்தியாயமே பல்லூடகம். ஒலிக் கோப்பு வகைகளும் மிடியும் அதில் விளக்கப்படுகின்றன. அதாவது மிடி என்றால் என்ன என்று ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதத் தெரிந்த மாணவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அதைக் கொண்டு எட்டுச் சுரம் அடுக்கிப் பார்த்தவர்கள் குறைவு.

பக்கத்து மாநிலம் வேறு வழியில் போனது. கேரளத்தின் ‘கைட்’ நிறுவனம் 2018-ல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களில், பிள்ளைகளே கேமரா பிடித்து, இலவச மென்பொருளில் வெட்டி ஒட்டி, பள்ளி நிகழ்ச்சிகளைச் செய்திப் படமாக்குகிறார்கள். ஒலிக்கு அங்கே ஆடாசிட்டி. இங்கிலாந்தில் பிளஸ் டூ நிலையிலேயே இசைத்தொழில்நுட்பம் ஒரு தனிப் பாடம். அங்குள்ள பியர்சன் எடெக்செல் தேர்வில், கொடுக்கப்பட்ட பட்டியலிலிருந்து ஒரு பாட்டை மாணவரே பதிவு செய்து தர 20 சதவீத மதிப்பெண், கம்ப்யூட்டரில் சொந்தமாக இசையமைக்க 20. மீதி கேட்பதற்கும் மிக்ஸிங்குக்கும்.

தமிழில் பாடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் ஆடாசிட்டியைப் படிப்படியாகத் தமிழில் விளக்கும் காணொளிகளை இலவசமாகத் தருகிறது. இசை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இயங்குகிறது. தமிழ்நாட்டில் இப்படி 17 பள்ளிகள். வாய்ப்பாட்டு, நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் முறையாகப் பயிற்றுவிக்கப்படுகின்றன. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது, ஓவியம், உடற்கல்வியோடு இசைக்கும் கணினிக்கும் ஆட்கள் வந்தார்கள். வாரம் மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஒரு பள்ளியில் இசை ஆசிரியர் இருந்தால் கணினி ஆசிரியர் இருக்க மாட்டார். இருவரும் இருந்தால் ஒரே பாடவேளையில் ஆய்வகம் கிடைக்காது.

இதைச் சரிசெய்யப் புதுப் பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மாணவர்கள் படிப்படியாக முன்னேறுகிறார்கள். வாய்ப்பாட்டு, கருவி இசை, நாட்டுப்புற நடனம் என்று நீளும் போட்டிப் பட்டியலில் ‘ஒலிப்பதிவு’ என ஒரு பிரிவைச் சேர்க்கலாம். மூன்று நிமிடப் பதிவு, குறைந்தது ஐந்து குரல் அல்லது கருவி, அதில் ஒன்றாவது சொந்த வட்டாரத்துக் கருவி, பாடியவர்கள் பெயர் கட்டாயம், இலவச மென்பொருள் மட்டும். நடுவர்களாக இசைப் பள்ளியின் தவில், நாதஸ்வர ஆசிரியர்களும் ஓர் ஒலிப்பதிவாளரும் உட்காரலாம். அப்படி ஒரு பிரிவு வந்தால் கீரமங்கலத்துப் பிள்ளைகள் மது எடுப்புக் கும்மியோடு களம் இறங்கலாம். பக்கத்து ஊர்களான கொத்தமங்கலம், குளமங்கலம், வடகாடு பிள்ளைகளும் சும்மா இருக்கமாட்டார்கள்.